பிறர் போரில் பெற்ற பதக்கம்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள கீழ் ஒட்டிவாக்கம் என்ற சிற்றூரில் பிறந்த சுப்பிரமணியன் என்பவரைப் பற்றி நம்மிடையே பேசுவார் இல்லை. பிரித்தானிய இந்தியப் படையில் 'மதராஸ் சப்பர்ஸ்' என்று அழைக்கப்பட்ட பொறியியற் படைப்பிரிவில் சுபேதாராக இருந்தவர் அவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, எதிரி புதைத்துவிட்டுப் போன வெடிகளைத் தேடி எடுப்பது ஆகியன அப்பிரிவின் வேலைகள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்பிரிவின் சிப்பாய்களுக்குத் 'தம்பி' என்றே ஒரு பெயர் வழங்கிற்று.

1944 பெப்ரவரி 24ஆம் திகதி இத்தாலியில், மிஞானோ என்ற ஊருக்கு அருகே, வெடி விதைத்த நிலமொன்றின் ஊடாக வழி திறந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒருவர் வெடி கண்டறியும் கருவியுடன் போக, பின்னால் வருபவர்களுக்காக வெள்ளை நாடா கட்டிப் பாதை குறிக்கப்பட்டு வந்தது. முன்னால் போனவரின் காலடியில் ஒரு சிறு வெடிச்சத்தம் கேட்டது. ஜேர்மானியர் புதைத்த அந்த வகை மிதிவெடி மிதித்தவுடன் முழுதாக வெடிப்பதில்லை. முதலில் ஒரு சிறு சத்தம். ஏறத்தாழ நான்கு விநாடி இடைவெளி. பிறகு நிலத்திலிருந்து ஓர் ஆளின் இடுப்பளவுக்குத் துள்ளி எழுந்து, 300க்கும் மேற்பட்ட இரும்புக் குண்டுகளை நாலாபக்கமும் வாரி இறைக்கும். அந்தச் சிறு சத்தத்தின் பொருள் சுப்பிரமணியனுக்குத் தெரியும். அவர் அதன்மேல் விழுந்து தன் உடலால் மூடிக்கொண்டார். உடன் வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் பிரித்தானிய அரசு அவருக்கு ஜோர்ஜ் சிலுவையை அறிவித்தது.

விக்டோரியா சிலுவை எதிரியின் முகத்துக்கு நேரே காட்டப்படும் வீரத்துக்கு உரியது. 1940இல் ஏற்படுத்தப்பட்ட ஜோர்ஜ் சிலுவையோ எதிரி எதிரே இல்லாத இடத்தில் காட்டப்படும் வீரத்துக்கு. பதக்கம் கொடுப்பவர்கள் தம் வசதிக்காகச் செய்துகொண்ட பாகுபாடுதான் இது. ஆனால் சுப்பிரமணியனைப் பொறுத்தவரை அது ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறது. அவருடைய வீரம் யாரையும் கொல்லவில்லை.

அந்த நாளை நமது பக்கத்திலிருந்தும் சற்றுப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், பெப்ரவரி 22இல், பூனாவிலுள்ள ஆகாகான் மாளிகையில் சிறைக்கைதியாகவே கஸ்தூரிபா காந்தி இறந்தார். காந்தியும் அங்கேதான் அடைபட்டிருந்தார். முந்திய ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். கிழக்கே, மலாயா றப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அடுத்த மாதம் தொடங்கவிருந்த இம்பால் படையெடுப்பை எதிர்பார்த்திருந்தார்கள். ஆக, ஒரே காலத்தில் ஒரு தமிழன் பிரித்தானிய மன்னரின் உடுப்போடு இத்தாலியில் சாகிறான்; இன்னொரு தமிழன் அதே மன்னரின் படையைச் சுடுவதற்குப் பர்மாவில் துப்பாக்கி துடைக்கிறான். இருவருடைய ஊரிலும் விளைந்த நெல் யாருக்குப் போகிறது என்பதை இருவருமே தீர்மானிக்கவில்லை.

நான் தீவகத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிப்பவன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, ஆசிரிய கலாசாலை முடித்து, பல இடம் சுற்றி இங்கே வந்திருக்கிறேன். உலகப் போர்கள் பற்றிய பாடம் வரும்போது நான் சுப்பிரமணியனைச் சொல்வதுண்டு. இங்குள்ள பிள்ளைகளுக்கு மிதிவெடி என்றால் படம் வரைந்து விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்கள் 2009க்குப் பின் பிறந்தவர்கள்தாம்; ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் அராலித்துறை நினைவுச்சின்னம் நிற்கிறது. 1992 ஆகஸ்ட் 8இல் டென்சில் கொப்பேகடுவ உட்பட உயர்நிலைப் படை அதிகாரிகள் கண்ணிவெடியில் மாண்ட இடம் அது. அதை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் பார்த்துக்கொண்டு கடந்து போவதை நான் கண்டிருக்கிறேன்.

சுப்பிரமணியனின் கதையைச் சொல்லி முடித்த ஒருநாள், நெடுந்தீவிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், அந்த மனுசன் ஆருக்காகச் செத்தவர்?"

பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. பெரியவர்களிடம் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாவது: அவர் கூலிக்கு மாரடித்தவர், அந்நியன் போரில் அந்நியனுக்காகச் செத்தவர், அதில் என்ன வீரம் வேண்டிக்கிடக்கிறது என்பது. நமது இலக்கியக் கூட்டங்களில் இப்படிப் பேசுவோரைப் பார்த்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பேசுவார்கள். சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்தவன் சம்பளத்துக்காகவே மிதிவெடியின்மேல் விழுந்தான் என்று சொல்வது கணக்குப் பிழை. எந்தச் சம்பளமும் ஒருவனை அந்த இடத்தில் விழுத்தாது. ஒருவர் படையில் சேர்ந்த காரணம் வேறு, அந்த நான்கு விநாடியில் அவர் செய்ததன் காரணம் வேறு. செயல்கள் நிய்யத்தைக் கொண்டே அளக்கப்படுகின்றன என்று படித்து வளர்ந்த நாம், ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதற்கும் ஒரேயொரு நிய்யத்தை எழுதி ஒட்டிவிடுவது எப்படி?

இரண்டாவது விடை: வீரம் எங்கிருந்தாலும் வீரமே, போர் யாருடையதாக இருந்தால் என்ன என்பது. கேட்க இது பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் பதக்கம் கொடுப்பவனுக்கு வேண்டியதும் இதுவேதான். வீரனைப் புகழும் சாக்கில் அவன் தன் போருக்கும் சேர்த்துப் புகழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

முதலாவது உலகப் போரைப் பாருங்கள். 1911 வரை இந்தியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா சிலுவை பெறும் தகுதியே இருக்கவில்லை. அவர்களுக்கென்று வேறு பதக்கம் வைத்திருந்தார்கள். 1911இல்தான் அந்தக் கதவு திறந்தது. மூன்று ஆண்டுகளில் போர் வந்தது. 1914 ஒக்டோபர் 31இல் பெல்ஜியத்தின் ஹொல்லபேக் என்ற இடத்தில், பலூச்சிப் படைப்பிரிவின் சிப்பாய் குதாதாத் கான், கூட இருந்தவர்கள் எல்லோரும் மடிந்த பின்னும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கினார். காயத்தோடு கிடந்தவரை இறந்துவிட்டார் என்று ஜேர்மானியர் விட்டுப்போக, இரவில் ஊர்ந்து தன் படையிடம் வந்து சேர்ந்தார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர்தான். இன்றைய பாகிஸ்தானின் சக்வால் பகுதியில் பிறந்தவர். 1971 வரை வாழ்ந்தார். பஞ்சாபின் ஊர்களில் ஆள் சேர்க்கப் போனவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு உதவியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சமர் நடந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில், நவம்பர் நடுவில், உஸ்மானியக் கலீபா ஜிஹாத் பிரகடனம் செய்தார். அதன் பிறகு அதே படையின் முஸ்லிம் சிப்பாய்கள் ஈராக்கிலும் பலஸ்தீனிலும் துருக்கிய முஸ்லிம்களைச் சுட்டார்கள். அதற்கும் பதக்கம் கிடைத்தது.

இதிலே என் மனதை அதிகம் பிடித்துக்கொண்டது வேறு இருவரின் கதை. அப்ரிதிப் பட்டாணியரான மீர் தஸ்த், மீர் மஸ்த் என்ற சகோதரர்கள். இருவரும் பிரித்தானியப் படையில் ஜமேதார்கள். 1915 மார்ச்சில் மீர் மஸ்த் சில சிப்பாய்களை அழைத்துக்கொண்டு இரவோடிரவாக ஜேர்மானியர் பக்கம் நடந்துபோய்விட்டார். பின்னர் காபூலுக்குப் புறப்பட்ட ஜேர்மானியத் தூதுக்குழுவோடும் தொடர்புபட்டார். அடுத்த மாதம், ஏப்ரல் 26இல், ஈப்ரா நகருக்கு அருகே நச்சுவாயுவுக்குள் நின்றுகொண்டு, அதிகாரிகளை இழந்த தன் ஆட்களை ஒன்றுசேர்த்து வைத்திருந்ததோடு, காயப்பட்ட எட்டு அதிகாரிகளைச் சுமந்து மீட்டார் மீர் தஸ்த். அவருக்கு விக்டோரியா சிலுவை. ஆகஸ்டில் பிரைட்டனிலுள்ள மாளிகையில், அப்போது அது இந்தியக் காயக்காரருக்கான ஆஸ்பத்திரி, மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் தம் கையாலேயே அதை அணிவித்தார்.

ஒரே தாயின் பிள்ளைகளில் யார் வீரர், யார் துரோகி? பிரித்தானியர் ஒரு விடை சொல்வார்கள், ஜேர்மானியர் மறு விடை. ஆனால் மீர் தஸ்த் மன்னரிடம் அன்று முன்வைத்த வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒருமுறை காயப்பட்டவனை மீண்டும் போர்முனைக்கு அனுப்பக்கூடாது என்பதே அது. பதக்கம் குத்தப்படும் அந்த நேரத்தில் அவர் தனக்கென்று காணியோ பென்ஷனோ கேட்டிருக்கலாம். அவர் கேட்டது, இந்தப் போரிலிருந்து தன் ஆட்களை வீட்டுக்கு விடச்சொல்லி. தம்பி கால்நடையாகச் சொன்னதை அண்ணன் மரியாதையாகச் சொன்னார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். (யார் மூத்தவர் என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை, பதக்கக்காரரை அண்ணன் என்று சொல்வது நம் வாய்ப்பழக்கம்.)

மறுத்தவர்கள் எல்லோரையும் தூக்கிப்பிடிக்கவும் நான் ஆயத்தமில்லை. 1915 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரில் ஐந்தாம் லைட் இன்பன்ட்ரியின் முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். தங்களைத் துருக்கியருக்கு எதிராக அனுப்பப்போகிறார்கள் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். பிடிபட்டவர்களில் 47 பேரை ஊட்ரம் சிறைச்சாலைச் சுவரோரம் நிறுத்தி, சனம் பார்த்திருக்கச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மரணங்கள் கொடியவை. ஆனால் அக்கலகத்தில் ஆயுதமில்லாத பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள் என்பதை மறைத்துவிட்டுக் கவிதை எழுதுவது நேர்மையல்ல.

எங்கே கோடு கீறுவது? எனக்கு இதில் உதவியவர் ஒரு மௌலவி. சுப்பிரமணியனின் கதையை அவரிடம் சொன்னபோது, "மாஸ்டர், அது தற்கொலைதானே, அதை ஏன் பிள்ளைகளுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டார். வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்வது விலக்கப்பட்டது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நான் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். அந்த மிதிவெடி பழுதாகி வெடிக்காமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? சுப்பிரமணியன் எழும்பி, சட்டையிலுள்ள சேற்றைத் தட்டிவிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு மேலே நடந்திருப்பார். அவருடைய வேலை கெட்டுப்போயிற்று என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். எல்லோரும் சிரித்திருப்பார்கள். அவர் சாவை நாடவில்லை. மற்றவர்கள் உயிரோடிருப்பதை நாடினார், சாவு குறுக்கே வந்தது.

மௌலவி சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப மற்றவன்?" என்றார். யாரைச் சொல்கிறார் என்று இருவருக்கும் தெரியும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்த நாட்டில் இரண்டு முஸ்லிம்கள் தனியே இருந்து மரணத்தைப் பற்றிப் பேசினால் அந்த நாள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களுக்குள்ளும், கொழும்பு ஹோட்டல்களிலும் வெடியைச் சுமந்துகொண்டு போனவர்கள் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அந்த வெடி வெடிக்காமல் போயிருந்தால் அவர்களுடைய வேலை கெட்டுப்போயிருக்கும். பிறர் சாவு இல்லாமல் அந்தச் செயலுக்கு வெற்றியே இல்லை. ஒருவர் வெடியின்மேல் உடலைப் போட்டார். மற்றவர்கள் உடலின்மேல் வெடியைப் போட்டுக்கொண்டார்கள். சாவுக்கு அஞ்சாமை இருவரிடமும் உண்டு என்பதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அதனாலேயே, சாவுக்கு அஞ்சாமை ஒன்றையே வீரத்தின் அளவுகோலாக வைப்பதை நாம் கைவிட வேண்டியிருக்கிறது.

நமது நாட்டுப் போர் முப்பது ஆண்டுகள் அந்த அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. 1987 ஜூலை 5இல் நெல்லியடியில் வெடிமருந்து லொறியோடு முகாமுக்குள் போன மில்லரையும், 1991 ஜூலையில் ஆனையிறவில் கவசமிட்ட புல்டோசரின்மேல் கைக்குண்டுகளோடு ஏறிய காமினி குலரத்னவையும் அவரவர் பக்கத்தார் முதல் வரிசையில் வைத்தார்கள். இரு பக்கத்துப் பேச்சுகளையும் மொழிபெயர்த்துப் பார்த்தால் பெயரும் ஊரும் தவிர மற்றெல்லாம் ஒன்றாகவே இருக்கும். அந்த இரண்டு இளைஞர்களையும் நியாயந்தீர்க்க நான் இங்கே உட்காரவில்லை. அவர்களைக் காட்டி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

'ஒருவரும் சாகாவிட்டாலும் இந்தச் செயல் வென்றிருக்குமா?' என்ற அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பதக்கங்களிடம் திரும்பிப் போகலாம். குதாதாத் கானின் துப்பாக்கி அதில் தேறாது. எதிரே விழுபவன் இல்லாமல் அதற்குப் பயனில்லை. ஆனால் தோழர்களைக் கைவிடாமல் அவர் அங்கேயே நின்றது தேறும். மீர் தஸ்த் சுமந்து வந்த எட்டுப்பேர் தேறுவார்கள். ஒரே மனிதனின் ஒரே நாளுக்குள்ளேயே இப்படிப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. பதக்கத்தில் இந்தப் பிரிப்பு இல்லை. அது முழு நாளையும் உருக்கி ஒரே உலோகமாக வார்த்துவிடுகிறது.

நமக்குக் கசப்பான ஓர் உதாரணத்திலும் இதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஜோன்சன் பெஹாரி என்பவர் கரீபியன் தீவான கிரெனடாவில் வறிய குடும்பத்தில் பிறந்து, 1999இல் பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்து, 2001இல் அந்நாட்டுப் படையில் சேர்ந்தவர். 2004 மேயில் ஈராக்கின் அல் அமாராவில் பதுங்கித் தாக்குதலுக்குள் அகப்பட்ட கவசவாகனத்தை ஓட்டி வெளியே கொண்டுவந்து, காயப்பட்டவர்களைச் சூட்டுக்குள் நின்று இறக்கினார். அடுத்த மாதம் தலையில் படுகாயப்பட்ட நிலையிலும் வாகனத்தைப் பின்னெடுத்து ஆட்களைக் காப்பாற்றிய பின்னரே நினைவிழந்தார். 2005இல் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. ஈராக் மீதான அந்தப் படையெடுப்பு பொய்யின்மேல் கட்டப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்நாட்டு மக்கள் அதற்குக் கொடுத்த விலையை நாம் அறிவோம். ஆகவே அந்தச் சாரதியின் பெயரைக் கேட்டதும் நம் மனம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஆனால் எரியும் வாகனத்திலிருந்து ஓர் ஆளை இழுத்தெடுக்கும் கையை, அந்த ஆள் எந்த நாட்டுப் படையைச் சேர்ந்தவன் என்று கேட்டுவிட்டுத்தான் மதிப்பேன் என்று நான் சொன்னால், ஓர் உயிரைக் காப்பதை முழு மனித இனத்தையும் காப்பதாக எண்ணச் சொன்ன வேதத்தை நான் எங்கே வைப்பது? பெஹாரியின் கையை மதிக்கலாம். அந்தக் கையை அங்கே கொண்டுபோனவர்களை மன்னிக்க அது காரணமாகாது.

இங்கேதான் என் கேள்வியின் எல்லையும் இருக்கிறது. செயலை அது பிரித்துக் காட்டும். அந்த மனிதன் ஏன் அந்த நிலத்தில் நின்றான் என்பதை அது கேட்காது. கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர் ஒருவர் ஏன் இத்தாலியில் நிற்க வேண்டும்? கிரெனடாக்காரர் ஏன் ஈராக்கில்? வறுமை பாதி விடை. மீதிப் பாதி, வறியவன் தன்னிடம் உள்ள ஒரே பொருளான உடம்பைக் கொண்டு செல்லத்தக்க கதவுகளில் படைமுகாமின் கதவு எப்போதும் திறந்திருப்பது. அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடையும் ஏறத்தாழ இதுதான். செத்தது பக்கத்தில் நின்றவனுக்காக, அங்கே நின்றது வேறு யாருக்காகவோ என்றேன். "அப்ப ரெண்டு விடையும் எழுதலாமா சேர்?" என்றான். சோதனையில் எழுதினால் புள்ளி வராது என்றேன்.

இது பழங்கதையும் அல்ல. 2024இல் இலங்கையின் முன்னாள் படையினர் நூற்றுக்கணக்கானோர் ரஷ்ய–உக்ரேன் போருக்குச் சம்பளத்துக்குப் போன விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஐரோப்பா போகலாம் என்று முகவருக்குக் காசு கட்டிப் புறப்பட்ட வடபகுதிப் பிள்ளைகள் சிலர் ரஷ்யப் படைக்குள் தள்ளப்பட்டதாக அவர்களுடைய தாய்மார் அழுத செய்தியும் வந்தது. அண்மையில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது, என்னிடம் படித்த ஒருவனின் தகப்பன் பக்கத்தில் வந்து நின்றார். மகனுக்கு வெளிநாட்டில் 'செக்கியூரிட்டி' வேலை ஒன்று சரிவந்திருக்கிறதாம், நல்ல சம்பளமாம், கடவுச்சீட்டும் கொடுத்தாயிற்றாம். எந்த நாடு என்று கேட்டேன். முதலில் துபாய், அங்கிருந்து பிறகு சொல்லுவார்கள் என்றார். ஒப்பந்தம் தந்தார்களா என்று கேட்டேன். தந்தார்கள், வீட்டில் இருக்கிறது என்றார்.

"வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"எங்கை மாஸ்டர், அது இங்கிலீசும் இல்லை. முன்னம் பின்னம் காணாத எழுத்து."

போட்டோ எடுத்து அன்றைக்கே எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். ரஷ்ய எழுத்து.